ஊரார் ஆக்கிய பனி விளையாட்டுக் களம்

விளையாட்டென்பது இளைஞர் வீணே பொழுது கழிக்கும் வழியென்று எண்ணுவோர் இன்னும் நம்மிடையே உளர். விளையாடுதற்குரிய இடத்தை அமைத்துத் தருதல் அரசினர் கடமையென்றும், அன்றேற் செல்வர் செய்யத்தக்க தருமமென்றும் கூறித் தாம் வாளாவிருப்போர் அவரினும் பலர். இவ்விரு திறத்தாரும் ஊன்றி நோக்குதற்குரிய வரலாறொன்று வட அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடரிலுள்ள சிற்றூரொன்றில் நிகழ்ந்துள்ளது. அதனைச் சுருங்க உரைத்து, அதனின்றும் நாம் கொள்ளும் கருத்தையும் இங்கு வெளியிட விழைகின்றோம். பொதுக் களமொன்றை ஒருமுறை கட்டிவிடுதல் பெரிதன்று. ஆண்டுதோறும் அதனைத் தம் உழைப்பாலும் பொருளாலும் புதுப்பித்து, ஊர்ப் பிள்ளைகள் யாவர்க்கும் அதன் வாயிலைத் திறந்து வைத்தலே பெரிது என்பது நம் துணிபு.

ஐக்கிய அமெரிக்காவின் கொலராடோ மாகாணத்தில், யாம்பா என்னும் ஆற்றின் கரையில், கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 6,700 அடி உயரத்தில் அமைந்தது ஸ்டீம்போட் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊர். அங்குள்ள வெந்நீரூற்றொன்று நீராவிப் படகு செல்வது போன்ற ஓசையெழுப்பிக் கொண்டிருந்தமையால் இப்பெயர் உண்டாயிற்று. 1908-ம் ஆண்டையொட்டி அவ்வழியே இருப்புப்பாதை போடப்பட்டபொழுது அவ்வோசை நின்றுவிட்டது. பெயர் மாத்திரம் நின்றது. அக்காலத்தில் அவ்வூர் மக்கள் ஆயிரத்துச் சொச்சம் பேரே. மாடு வளர்ப்பும் பயிர்த்தொழிலும் அவர்க்குச் சீவனம். மாரிக்காலத்திலோ ஆள் உயரத்திற்கு மேலும் வெண்பனி குவிந்து வழிகளை மூடிவிடும். மாட்டுக்கு வைக்கோலிடுவதும் அடுப்புக்கு விறகு சேர்ப்பதுமன்றி வேறு செயலின்றி மாதக்கணக்காக மக்கள் வீட்டினுள் அடைபட்டிருந்தனர். 'ஸ்கீ' எனப்படும் நீண்ட சறுக்குப்பலகையைக் காலிற் பூட்டிப் பனிமீது செல்லும் முறையை அவர் அறியாதாரல்லர். எனினும் அஃது அவர்க்குத் தபால் கொண்டு செல்லுதற்கும் அயல் வீட்டை அடைதற்கும் உதவிய கருவியேயன்றி விளையாட்டாகவில்லை. பனியை அவர் பொறுத்துக்கொண்டனரேயன்றி விரும்பினாரல்லர்.

இந்நிலையில் 1913-ம் ஆண்டில் கார்ல் ஹோவெல்சன் என்பார் அவ்வூரிற் குடியேறினார். இவர் நார்வே நாட்டினர். கல் தச்சுத் தொழில் வல்லவர். தம் நாட்டில் ஹோல்மன்கோலன் என்னுமிடத்தில் நிகழும் பெயர் பெற்ற சறுக்குப் போட்டியில் 1903-ம் ஆண்டில் வெற்றி பெற்றவர். 1905-ல் அமெரிக்காவிற்கு வந்து, 1907-ல் பார்னம் பெயிலி சர்க்கஸில் உயர்ந்த மேடையினின்றும் சறுக்கிப் பறந்து காட்டி வியப்பு விளைத்தவர். அத்தகையோர் பெருநகரங்களில் வேடிக்கை காட்டிப் பொருளீட்டியே வாழ்ந்திருக்கலாம். அவரோ மலைநாட்டை நாடி வந்து, பகலிற் கல் வேலை செய்து, ஒழிந்த வேளையில் ஊர்ச் சிறுவர்க்குச் சறுக்கவும் தாவவும் கற்பித்தார். 1914-ம் ஆண்டு பெப்ருவரி மாதத்தில் அவரது தூண்டுதலால் அவ்வூரார் முதன்முறையாகப் பனிக்காலத் திருவிழா வொன்று நடத்தினர். மாதக்கணக்காக அடைபட்டிருந்த மக்கள் கூட்டமாகத் திரண்டு வெளியே வந்தனர். அடுத்த ஆண்டிலேயே, அதாவது 1915-ல், ஊரின் கடைவீதிக்கு எதிரே ஆற்றின் மறுகரையிலுள்ள குன்றில் நிலையான தாவுமேடை யமைந்தது. பின்னர் அக்குன்றிற்கு அவர் பெயரையே இட்டு ஹோவெல்சன் குன்று என வழங்கினர்.

பனியைக் கண்டறியாத நம் மாணவர்க்குத் தாவுமேடை இன்னதெனச் சிறிது விளக்குதல் தகும். முதலிற் செங்குத்தான சரிவொன்றைத் தேர்ந்து மரங்களை வெட்டி நீக்கவேண்டும். உச்சியில் ஓடுபாதை யமைத்து, அதன் கீழ்நுனியைத் தாவுதற்கேற்ற விளிம்பாக்க வேண்டும். அவ்விளிம்பிற்குக் கீழே நிலம் நன்கு சரிந்து செல்லுதல் இன்றியமையாதது. தாவுகின்றவன் வானிலே செல்லும் வழியும், அவன் வந்து ஊன்றும் சரிவும் ஏறக்குறைய ஒரே போக்கினவாயிருந்தால்தான் அவன் என்பு முறியாமல் நழுவி யிறங்கலாகும். சமநிலத்தில் வந்து விழுவானாயின் உயிருக்கே இறுதியாம். பின்னர், பனி பெய்யுந்தோறும் அச்சரிவு முழுவதையும் சறுக்குப்பலகை பூண்ட பலர் வரிசையாகப் பக்கவாட்டில் அடிவைத்து ஏறி மிதித்து இறுக்கவேண்டும். ஒரு நொடியில் நிகழும் தாவலுக்குப் பின்னால் எத்தனை பேர் கால் வலிக்க மிதித்த உழைப்பு நிற்கின்றதென்பதை எண்ணிப் பார்ப்போமாக. இயந்திரங்கள் வருமுன் இவ்வேலை யாவும் மக்கள் கையாலும் காலாலுமே நடைபெற்றன. தாவுகின்ற சிறுவன் தன் முறை வருமுன் தானும் மிதித்தவனே. அவனை மிதியென ஏவிய பெரியோரும் உடன் மிதித்தவரே.

இவ்வாறு எளிய கருவிகொண்டு ஆக்கப்பட்ட அக்குன்றின் புகழ் விரைவில் பரவிற்று. 1916-ம் ஆண்டில் ராக்னர் ஓம்ட்வெட் என்பவர் அங்கு 192 அடி தூரம் தாவி உலகில் அதுகாறும் எவரும் எய்தாத எல்லையை எய்தினார். மறு ஆண்டிலேயே ஹென்றி ஹால் என்பவர் அதே குன்றில் 203 அடி தாவி அதனையும் கடந்தார். ஆயிரத்துச் சொச்சம் மக்கள் வாழ்ந்த ஊர் இரண்டாண்டு தொடர்ந்து உலக எல்லையை வகுத்ததென்றால், அது பொருள் மிகுதியால் வந்ததன்று என்பது வெளிப்படை.

ஆயினும் நாம் பெரிதும் மதிப்பது அவ்வெற்றிகளையன்று. 1921-ம் ஆண்டையொட்டி ஹோவெல்சன் நார்வேக்குச் சென்றார். சென்றவர் அங்கேயே மணஞ்செய்துகொண்டு தங்கிவிட்டார், 1955-ல் மறைந்தார். ஒருவர் முயற்சியால் எழுந்த அறங்கள் அவர் அகன்றவுடன் சாய்ந்துவிடுதல் உலகத்தில் நாள்தோறும் காண்கின்ற காட்சி. தலைவர் இருக்கும்வரை சங்கம் இருக்கும்; அவர் மாற்றலாகிப் போனால் அதன் பெயர்ப்பலகை மாத்திரம் எஞ்சும். ஸ்டீம்போட் ஸ்பிரிங்ஸில் அவ்வாறு நிகழவில்லை. ஊரார் அமைத்த பனி விளையாட்டுச் சங்கம் அப்பொறுப்பைத் தாங்கிற்று. குன்றின்மீது ஏறுதற்கு ஓடம்போன்ற பெரியதொரு சறுக்குவண்டியை அமைத்து, அதில் மக்களை ஏற்றிக் கம்பியால் இழுத்துச் சென்றனர். அறிவித்தவர் அகன்ற பின்னும் அறிவு நின்றது. ஆசிரியர் ஒருவர்க்கு இதனினும் சிறந்த வெற்றி வேறுண்டோ?

இவ்வூரார் விளையாட்டை விளையாடுவோர்க்கு மாத்திரம் உரியதாக விட்டுவிடவில்லை. திருவிழா நாளில் கடைவீதியிலேயே வண்டி வண்டியாகப் பனியைக் கொட்டிப் பரப்புவர். குதிரை முன்னே ஓட, அதிற் கட்டிய கயிற்றைப் பற்றிக்கொண்டு சிறுவர் சிறுமியர் சறுக்குப்பலகை மீது பின்னே விரைவர். மாடு மேய்ப்போரின் குதிரையும் நார்வேயினரின் பலகையும் அங்கு ஒன்றுபட்டன. 1935-ம் ஆண்டு முதல் அவ்வூர் உயர்நிலைப் பள்ளியின் வாத்தியக் குழுவினர் சறுக்குப்பலகை பூண்டே இசை முழக்கிச் செல்கின்றனர். இரவிலோ தீப்பந்தம் ஏந்திய பலர் குன்றின் உச்சியினின்றும் வரிசையாக இறங்கி வருவர். 1940-களில் சறுக்குப் பயிற்சி அவ்வூர்ப் பள்ளியின் பாடங்களுள் ஒன்றாகவே சேர்க்கப்பட்டது. எழுத்தும் எண்ணும் கற்பிப்பதுபோலத் தம் மண்ணில் வாழும் வகையையும் பிள்ளைகட்குக் கற்பிக்கவேண்டுமென அவர் கருதினர் போலும்.

இங்ஙனம் விதைத்தது விளைந்தது. 1936-ல் அவ்வூரிற் பிறந்த பட்டி வெர்னர் என்பவர் அக்குன்றிற் பயின்று, 1959-ல் ஆஸ்திரியா நாட்டின் ஹானன்கம் மலையிறக்கப் போட்டியில் வென்ற முதல் அமெரிக்கராயினார். 1964-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஸ்விட்ஸர்லாந்தில் பனிச்சரிவிற் சிக்கி அவர் உயிர் துறந்தபொழுது வயது இருபத்தெட்டே. ஊரார் அவர் பெயரைத் தம் மலையொன்றிற்கும் தம் நூல்நிலையத்திற்கும் இட்டனர். தாவுதலையும் நெடுந்தூரப் பனியோட்டத்தையும் ஒருங்கே கொண்ட 'நார்டிக்' கூட்டுப் போட்டியில் அமெரிக்கர் பன்னெடுங்காலம் ஒலிம்பிக் பதக்கம் ஒன்றேனும் பெற்றதில்லை. 2010-ம் ஆண்டு வான்கூவரில் அக்குறையை முதலில் நீக்கியவர் அவ்வூர்ப் பிள்ளையாகிய ஜானி ஸ்பில்லேன். அவ்வொரு விழாவிலேயே அவர் மூன்று வெள்ளிப் பதக்கம் பெற்றார். குழுப் போட்டியில் அவருடன் நின்ற டாட் லாட்விக் என்பவரும் அவ்வூரினரே. 1994 முதல் 2014 வரை ஆறு ஒலிம்பிக் விழாக்களிற் கலந்துகொண்டவர். பனிக்கால ஒலிம்பிக்கிற்குத் தம் ஊர் அனுப்பிய வீரர் தொகை நூற்றுக்கு மேற்பட்டதென அவ்வூரார் பெருமையுடன் கணக்கிடுகின்றனர்.

நிற்க. இதுகாறும் கூறியவற்றால் அக்களம் இடர்ப்பாடின்றி வளர்ந்ததென எவரும் கருதற்க. அக்குன்றின் மண் உறுதியற்றது; தாவு சரிவு பலமுறை நழுவிக் கெட்டதுண்டு. 1970-களின் முற்பகுதியில் தாவுமேடை தீக்கிரையாயிற்று, மீண்டும் கட்டினர். ஏறுதற்குரிய பழைய நாற்காலித் தூக்கி தேய்ந்துபோக, 2021-ல் புதியதொன்று நிறுவினர். பனி குறைந்த ஆண்டுகளில் இயந்திரங்கொண்டு பனியாக்கிப் பரப்பவேண்டியிருக்கின்றது. உலகின் வெம்மை ஏறிவரும் இக்காலத்தில் இச்செலவு குறையுமென்று எதிர்பார்த்தற்கில்லை. குன்று நகரசபையின் உடைமை. அதன் வரவு செலவை ஈடுசெய்வதில்லை. குறைவதை நகரப் பொதுநிதியே நிறைக்கவேண்டும்.

இதனிடையே 1963-ல் ஊருக்கு அப்பாலுள்ள பெரிய மலையில் வேறொரு சறுக்குக்களம் எழுந்தது. அது காலப்போக்கில் பெருங் கம்பெனிகளின் கைக்கு மாறி, உலகின் பல பாகங்களினின்றும் செல்வரை ஈர்க்கும் உல்லாசத் தலமாயிற்று. அதனால் ஊர்க்குச் செல்வம் வந்தது. அச்செல்வத்தோடு வீட்டு விலையும் வாடகையும் விண்ணளாவ உயர்ந்தன. கடைகளிலும் விடுதிகளிலும் வேலை செய்வோர் பலர் அவ்வூரிற் குடியிருக்க இயலாமல் தொலைவிலிருந்து நாள்தோறும் வந்து போகின்றனர். ஆகவே இன்று அவ்வூரார் முன் நிற்கும் கேள்வி எளிதன்று. பெரிய மலை அருகிலிருக்கச் சிறிய குன்றை ஏன் பொதுப்பணத்தாற் காக்கவேண்டும்? ஒரு சிலர் தாவுதற்காக ஊரார் அனைவரும் வரி இறுப்பது நீதியோ?

இக்கேள்வியைப் புறக்கணித்தல் முறையன்று. பொதுப்பணம் செலவிடுவோர் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவரே. ஆயினும், வரவு செலவை மாத்திரம் நோக்கிப் பொதுக் களங்களை மதிப்பிடுவோர் ஒன்றை மறக்கின்றனர். நூல்நிலையம் இலாபம் தருவதில்லை, ஆற்றங்கரைப் பூங்கா இலாபம் தருவதில்லை, பள்ளிக்கூடமும் அத்தகையதே. இவற்றை எவரும் நட்டக் கணக்கில் எழுதி மூடுவதில்லை. பள்ளி விட்டவுடன் ஆற்றைக் கடந்து நடந்து சென்று மாலைப்பொழுதில் இரண்டு மணிநேரம் பயின்று இரவுணவிற்கு வீடு திரும்பத்தக்க இடம் அச்சிறு குன்று. பெரிய மலையின் கட்டணமோ விருந்தினராக வரும் செல்வரை நோக்கி விதிக்கப்பட்டது. கம்பெனி தன் முதலுக்கு ஊதியம் தேடும். அஃது அதற்கு இயல்பு. அதனைக் குறைகூறுதல் வேண்டா. அதனாலேயே ஊதியம் தேடாத இடமொன்றும் ஊரில் இருக்கவேண்டுமென்கின்றோம்.

வீரர் தொகையைக் காட்டி அக்குன்றைத் தாங்குவோரும் உளர். அவர் வாதத்தையும் நாம் முற்றும் ஏற்கமாட்டோம். நூறு வீரர் தோன்றியது சிறப்பே. ஆனால் அவர் பொருட்டே களம் உளதென்று கொண்டால், வீரர் தோன்றாத பத்தாண்டு வருமாயின் களத்தை மூடிவிடலாமென்று பொருள்படும். அன்றியும், பயிற்சிக்கும் கருவிக்கும் வேண்டும் பணம் ஏறிக்கொண்டே செல்லுங் காலத்தில், வீரரையே நாடும் களம் செல்வர் மக்களின் களமாக மாறிவிடும். ஒருமுறை விழுந்து எழுந்து, பதக்கம் எதுவும் பெறாமல், உடல் நலத்தோடும் ஊரன்போடும் வளர்ந்து தச்சராகவோ ஆசிரியராகவோ வாழ்கின்ற பலரே அக்களத்தின் மெய்யான விளைவு. அண்மை ஆண்டுகளில் ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டணமின்றி யாவரும் அக்குன்றிற் சறுக்கலாமென ஏற்பாடு செய்திருப்பதை நாம் மிகவும் பாராட்டுகின்றோம். உலக எல்லையைக் கடந்த தாவல்களினும், விடுதியிற் பாத்திரம் கழுவுவோரின் மகள் முதன்முறையாகச் சறுக்குப்பலகை பூண்டு அக்குன்றில் நிற்பது அவ்வூர்க்கு அதிகப் புகழ் தருவதென்போம்.

பெருங்காட்சிக்கும் பொதுக்களத்திற்குமுள்ள வேற்றுமையைக் காட்ட அம்மாகாணத்திலேயே வேறொரு சான்று உண்டு. 1976-ம் ஆண்டின் பனிக்கால ஒலிம்பிக் விழாவை நடத்தும் உரிமை கொலராடோவின் தலைநகராகிய டென்வருக்கு 1970-ல் அளிக்கப்பட்டது. ஆனால் செலவு பெருகுமென்றும் மலைவளம் கெடுமென்றும் அஞ்சிய மக்கள், 1972-ம் ஆண்டு நவம்பர் மாதத்தில் வாக்களித்து, அவ்விழாவிற்கு மாகாணப் பணம் கொடுத்தலை மறுத்துவிட்டனர். விழா ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகருக்குச் சென்றது. இதுகொண்டு அம்மக்கள் விளையாட்டை வெறுத்தவரென்று கூறலாகாது. தம்மைக் கலவாமல் மேலிருந்து வகுக்கப்பட்ட திட்டத்தையே அவர் மறுத்தனர். சில நாட் காட்சிக்கென மலையை வெட்டும் திட்டம் வாக்குச்சீட்டால் வீழ்ந்தது. கல் தச்சரும் ஊர்ச் சிறுவரும் தொடங்கிய எளிய களமோ, வட அமெரிக்காவில் இடையறாது நடந்துவரும் சறுக்குக்களங்களுள் மிகப் பழையதென்னும் பெயரோடு நூறாண்டு கடந்தும் நிற்கின்றது. தன் கையால் மிதித்து இறுக்கிய பனியை எவனும் எளிதிற் கைவிடான்.

இவ்வரலாற்றினின்றும் மூன்று உண்மைகளை நாம் கொள்ளலாம். முதலாவது, ஊரார் தம்மிடம் இல்லாததை எண்ணி ஏங்காமல், உள்ளதையே கருவியாக்கினர். தம்மைச் சிறைப்படுத்திய பனியே அவர்க்கு விளையாட்டாயிற்று. இரண்டாவது, வந்தேறியவர் ஒருவர் கொணர்ந்த கலையை அயலார் கலையென்று ஒதுக்காமல் ஏற்றுத் தமதாக்கினர். அவரும் தம் கலையைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல் சிறுவர்க்கு வழங்கினார். மூன்றாவது, கட்டியதோடு நில்லாமல் காத்தனர். தீயும் சரிவும் செலவும் வந்த போதெல்லாம் மீண்டும் தொடங்கினர். தொடங்குவோர்க்குப் புகழ் உண்டு. பழுது பார்ப்போர்க்குப் பெரும்பாலும் அது கிட்டுவதில்லை. ஆயினும் பொதுக் காரியங்கள் யாவும் பழுது பார்ப்போரின் தோள்மீதே நிற்கின்றன.

கல்லூரியிற் பயிலும் இளைஞர்காள்! ஆடுகளத்திற் கோடு போடுவோரும், வலை கட்டுவோரும், மழைக்குப்பின் மண் கொட்டிச் சமன் செய்வோரும் உம் கண்ணிற் படுகின்றனரோ? வென்றவர் பெயர் பலகையில் எழுதப்படும். இவர் பெயர் எங்கும் எழுதப்படுவதில்லை. நீவிர் நாளை எவ்வூரிற் சென்று வாழினும், அவ்வூர்ப் பிள்ளைகட்கு விளையாட இடமுண்டோ என்று முதலில் வினவுமின். இல்லையெனின், விண்ணப்பம் எழுதுவதோடு அமையாமல் மண்வெட்டியும் எடுமின். உண்டெனின், அதனைக் காப்போருள் ஒருவராகச் சேர்மின். பழைய மாணவரான பெரியோர்களே! நும் காலத்தில் நீர் ஆடிய களம் இன்று எந்நிலையிலுள்ளதென ஒருமுறை வந்து காண்மின். புதிதாகக் கட்டுதற்கு நன்கொடை அளிப்பார் பலர். பழையதைப் பேணுதற்கு அளிப்பார் சிலரே. அச்சிலருள் நீவிரும் ஒருவராதல் வேண்டுமென்பதே நம் வேண்டுகோள்.

யாம்பா ஆற்றங்கரையில் இவ்வாண்டும் பனி பெய்யும். யாரேனும் அதனை மிதித்து இறுக்கவேண்டும். மிதிப்பார் உள்ளவரை அக்களம் ஊருடையதாகவே இருக்கும்.